கேரவனுக்குள் கேஸ் ஹீட்டர்: தீ யாருடைய காற்றை எடுக்கிறது?

பரவையில் உட்கார்ந்துகொண்டு ஹீட்டரைப் பற்றி எழுதினால் சிரிக்கத்தான் செய்வீர்கள். சித்திரை மாதம் எங்கள் தெருவில் குழாயைத் திறந்தாலே வெந்நீர்தான் வரும். ஆனாலும் எழுத வேண்டிய அவசியம் போன டிசம்பரில் வந்தது.

என் அக்கா வீட்டுக்காரர் (நான் மச்சான் என்று கூப்பிடுவேன், அவருக்கு நான் மாப்ள) ஒரு பழைய டெம்போ டிராவலரை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் படுக்கை, பின்னால் சின்னதாக ஒரு சமையல் மேடை என்று மாற்றி வைத்திருக்கிறார். நம்மூரில் கேரவன் என்றால் சினிமா நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி என்றுதான் அர்த்தம். இவருடையது வேறு மாதிரி. குடும்பத்தோடு கிளம்பி, எங்கே இருட்டுகிறதோ அங்கே நிறுத்திப் படுப்பதற்கு.

முதல் பயணம் கொடைக்கானல். அன்று ராத்திரி நல்ல குளிர். ஜன்னல்களை எல்லாம் இறுக்கி அடைத்து, கதவிடுக்கில் துண்டைச் சொருகி, கேஸ் அடுப்பைச் சிம்மில் எரியவிட்டுப் படுத்திருக்கிறார்கள். "அரைமணி நேரம் எரியட்டும், வண்டி சூடானதும் அமத்திரலாம்" என்று நினைத்த மச்சான் அப்படியே அசந்துவிட்டார். விடியற்காலை நாலு மணிக்கு அக்கா மகள் தலை வலிக்கிறது என்று எழுந்து வாந்தி எடுத்தாள். மலைப்பாதை வளைவுகள்தான் காரணம் என்று எல்லோரும் நினைத்தார்கள். வத்தலக்குண்டு தாண்டினால் வாந்தி எடுக்காத பிள்ளை உண்டா? ஆனால் சாயங்காலம் அவள் நன்றாகச் சாப்பிட்டு விளையாடியிருக்கிறாள். வாந்தியைக் கழுவ எழுந்த அக்காவுக்கும் தலை கனத்து, கால் தள்ளாடியிருக்கிறது. தண்ணீர் எடுக்கக் கதவைத் திறந்தார்கள். பிறகு மூடவில்லை. காலை ஒன்பது மணிக்குள் எல்லோருக்கும் தெளிந்துவிட்டது.

ஊருக்கு வந்ததும் மச்சான் சொன்னது இதுதான். "அடுப்பு சரிப்படாது மாப்ள. ஒழுங்கா ஒரு கேஸ் ஹீட்டரையே மாட்டிருவோம். அடுத்த வருசம் ஸ்பிட்டி, லே எல்லாம் போகணும்ல. நீ இஞ்சினியர்தானே, எப்படி மாட்டணும்னு பாத்துச் சொல்லு."

நான் பி.இ. படித்தவன்தான். ஆனால் இருபது வருடத்துக்கு மேலாக மென்பொருளோடுதான் பிழைப்பு. கேஸ் குழாயை ஸ்பேனரால் தொட்டதுகூடக் கிடையாது. அவருக்குப் பதில் சொல்வதற்காகப் படித்தவற்றின் குறிப்புகள்தான் இவை. இதைப் பார்த்து நீங்களே மாட்டிக்கொள்ளலாம் என்பதற்காக எழுதவில்லை. மாட்டுகிறவரிடம் என்ன கேட்க வேண்டும், எதைக் கண்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அந்தத் தலைவலி எங்கிருந்து வந்தது?

எரிவாயு எரியும்போது போதிய ஆக்சிஜன் கிடைத்தால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வரும். ஆக்சிஜன் குறைந்தால் கார்பன் பாதி எரிந்த நிலையில் நின்று கார்பன் மோனாக்சைடாக வெளியேறும். இதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணெரிச்சலும் கிடையாது. சிலிண்டர் கேஸ் கசிந்தால் மூக்கு சொல்லிவிடும், ஏனென்றால் அதில் மெர்காப்டன் என்ற நாற்றமடிக்கும் பொருளை வேண்டுமென்றே கலக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடு நம் வண்டிக்குள்ளேயே உருவாகிறது. அதில் நாற்றத்தைக் கலக்க ஆளில்லை.

நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு கார்பன் மோனாக்சைடைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் காற்றில் துளியளவு இருந்தாலே மெல்ல மெல்ல ரத்தத்தில் சேரும். பத்து லட்சத்தில் 400 பங்கு, அதாவது 400 பிபிஎம் இருந்தால், ஒன்றிரண்டு மணி நேரத்தில் தலைவலி வரும். 1,600 பிபிஎம் இருந்தால் இருபது நிமிடத்தில் தலைவலி, மயக்கம், குமட்டல். இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போகலாம். தூங்குகிறவருக்குத் தலைவலி என்ற எச்சரிக்கைகூடக் கிடைக்காமல் போகலாம் என்பதுதான் கொடுமை.

கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பல வீடுகளில் இருக்கும். அதை நம்பாதீர்கள். விரலில் மாட்டும் சாதாரணக் கருவிக்கு, ஹீமோகுளோபினில் உட்கார்ந்திருப்பது ஆக்சிஜனா கார்பன் மோனாக்சைடா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆள் மயங்கிக்கொண்டிருக்கும்போதும் அது 98 என்று காட்டும்.

ஏறிய விஷம் இறங்கவும் நேரமாகும். வெளிக்காற்றைச் சுவாசித்தால் ரத்தத்தில் உள்ளது பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் பிடிக்கும். ஆஸ்பத்திரியில் முகமூடி வழியாகச் சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரம். அன்றைக்கு யாரும் ரத்தப் பரிசோதனை செய்யவில்லை. அதனால் அது கார்பன் மோனாக்சைடுதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. கார்பன் டை ஆக்சைடு கூடினாலும் தலை வலிக்கும். ஆனால் ஒரே வண்டிக்குள் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, வாந்தி, தள்ளாட்டம், கதவைத் திறந்ததும் மெல்லத் தெளிவு என்பது மருத்துவர்கள் பாடமாகச் சொல்லும் அடையாளம். நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டிய விஷயம் அது.

இதைச் சுரங்கங்களில் முதலில் ஒழுங்காக ஆராய்ந்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற பிரிட்டன் உடலியல் அறிஞர். 1890-களில் நிலக்கரிச் சுரங்க வெடிவிபத்துகளில் இறந்தவர்களை ஆராய்ந்து, பெரும்பாலோர் வெடியால் சாகவில்லை, அதன் பிறகு பரவிய கார்பன் மோனாக்சைடால் செத்தார்கள் என்று காட்டினார். எலியோ குருவியோ போன்ற சின்ன உயிரைக் கூட எடுத்துப் போகச் சொன்னதும் அவர்தான். அவற்றின் உடல் வேகமாக இயங்குவதால் மனிதருக்கு முன்பே மயங்கி விழும். அப்படித்தான் கேனரிப் பறவைகள் கூண்டோடு சுரங்கத்துக்குள் போயின. பிரிட்டனில் 1986 வரை அந்த வழக்கம் இருந்தது. கொடைக்கானலில் அந்த வேலையை எங்கள் வீட்டுப் பிள்ளை செய்திருக்கிறாள் என்று நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

ஒரு சின்னக் கணக்கு

வண்டியின் உள்ளளவு 5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.9 மீட்டர் உயரம். அதாவது 19 கன மீட்டர். சாமான்களைக் கழிக்காமல் வைத்துக்கொள்வோம். மதுரையில் அதற்குள் சுமார் 23 கிலோ காற்று இருக்கும், அதில் ஆக்சிஜன் 5.3 கிலோ.

2 கிலோவாட் ஹீட்டர் ஒன்று மணிக்கு ஏறக்குறைய 160 கிராம் எல்பிஜி எரிக்கும். ஒரு கிலோ எல்பிஜி எரிய 3.6 கிலோ ஆக்சிஜன் வேண்டும். ஆக, 160 கிராமுக்கு 0.58 கிலோ. முற்றிலும் அடைத்த வண்டியில் ஒரு மணி நேரத்தில் 21 சதவீத ஆக்சிஜன் 18.7-க்கு இறங்கிவிடும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் இங்கிருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். எனவே அதே வண்டிக்குள் ஆக்சிஜன் 4.2 கிலோ மட்டுமே. ஒரே மணி நேரத்தில் 18 சதவீதத்தைத் தொட்டுவிடும். நாலு பேர் மூச்சு விடுவதை இதில் சேர்க்கவே இல்லை.

18 சதவீதம் என்பது முக்கியமான கோடு. அந்த அளவை ஒட்டித்தான் தீ ஒழுங்காக எரிவதை விட்டுவிட்டு கார்பன் மோனாக்சைடை அதிகமாகக் கக்க ஆரம்பிக்கிறது. அறைக்குள் வைக்கும் நல்ல ஹீட்டர்களில் இந்த அளவு வந்ததும் தானாக அணைந்துபோகும் ஏற்பாடு இருக்கும். சமையல் அடுப்பில் இருக்காது.

இன்னொரு கணக்கும் போட்டேன். ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் உண்டாகும். மணிக்கு 160 கிராம் என்றால் கால் லிட்டர் தண்ணீர். எட்டு மணி நேரத்தில் இரண்டு லிட்டர். அத்தனையும் குளிர்ந்த தகரத்தில் வியர்த்து மெத்தைமேல் சொட்டும். அன்று காலை கூரையெல்லாம் ஈரம் என்று அக்கா சொன்னதற்குக் காரணம் இதுதான். வெளியே பனி பெய்ததால் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

மூன்று சம்பவங்கள்

மச்சானிடம் கணக்கைக் காட்டினால், "நாங்க என்ன காத்துப்புகாத டப்பாவிலயா படுத்துக்கிடந்தோம்?" என்பார். அதனால் அவருக்குத் தெரிந்த ஊர்களிலிருந்தே மூன்று சம்பவங்களை எடுத்துவைத்தேன்.

முதலாவது நம் மதுரையிலேயே. 2023 ஆகஸ்ட் 26, அதிகாலை ஐந்தேகால் மணி வாக்கில். லக்னோவிலிருந்து ஆன்மிகச் சுற்றுலா வந்த தனியார் பெட்டி ஒன்றை, புனலூர்–மதுரை ரயிலிலிருந்து கழற்றி யார்டில் நிறுத்தியிருந்தார்கள். நாள்கணக்கில் அதிலேயே தங்கி வந்தவர்களுக்கு அது ஓடும் வீடு. விதிக்கு மாறாக உள்ளே கொண்டுவந்திருந்த சிலிண்டரை வைத்து டீ போட முயன்றபோது தீப்பிடித்ததாக ரயில்வே அறிவித்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். செய்தி வந்த அன்று எங்கள் தெருவில் எல்லோரும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். இங்கே தவறு, சிலிண்டரே ஆட்கள் இருக்கும் இடத்துக்குள் இருந்தது.

இரண்டாவது, 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில். திருச்சியிலிருந்து வந்த நண்பர்கள், கறி சுட்ட கரி அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டு உறங்கியதில் இருவர் இறந்துபோனார்கள். அறை தீப்பிடிக்கவில்லை, எதுவும் வெடிக்கவில்லை. இங்கே தவறு, நெருப்பும் தூங்குகிறவர்களும் ஒரே அறைக் காற்றைப் பங்குபோட்டார்கள்.

மூன்றாவது, 2024 டிசம்பரில் கேரள மாநிலம் வடகரையில். சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏசிக்காக ஜெனரேட்டர் ஓடியிருக்கிறது. அதன் புகை வண்டியின் தரையில் இருந்த துளை வழியாக உள்ளே ஏறியதுதான் காரணம் என்று கோழிக்கோடு என்ஐடி நிபுணர்கள் சோதனை செய்து கண்டார்கள். இங்கே இயந்திரம் ஆட்கள் இருந்த அறைக்கு வெளியேதான் இருந்தது. தவறு, வெளியே போன புகை திரும்பி உள்ளே வந்தது.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஹீட்டர் மாட்டுவதன் மொத்த இலக்கணமும் கிடைத்துவிடுகிறது. சிலிண்டர் வெளியே இருக்க வேண்டும். தீ தன் காற்றை வெளியிலிருந்து எடுக்க வேண்டும். புகை வெளியே போய், திரும்பி வரக் கூடாது. மற்றதெல்லாம் இந்த மூன்றையும் நிறைவேற்றும் வழிகள்தான்.

எந்த ஹீட்டர்?

கடையில் கிடைக்கும் கேஸ் ஹீட்டர்களில் பெரும்பாலானவை, வெள்ளைப் பீங்கான் தட்டு சிவப்பாகக் கனன்று எரியும் வகை. டெல்லி, சிம்லா பக்கம் வீடுகளில் பார்த்திருப்பீர்கள். விலை குறைவு, மாட்டுவது சுலபம், நன்றாகவும் சுடும். ஆனால் அறைக் காற்றையே எடுத்து, புகையை அறைக்குள்ளேயே விடும். மேலே போட்ட கணக்கு முழுக்க இந்த வகைக்குத்தான். இதை மாட்டினால் அடுப்பை எடுத்துவிட்டு இன்னொரு அடுப்பை வைத்ததாகத்தான் ஆகும். படுத்துறங்கும் வண்டிக்குள் கூடவே கூடாது.

இரண்டாவது வகையில் பர்னர் ஒரு மூடிய பெட்டிக்குள் இருக்கும். அந்தப் பெட்டிக்கும் வண்டியின் உட்புறத்துக்கும் காற்றுத் தொடர்பே கிடையாது. சுவர் வழியாகவோ கூரை வழியாகவோ தரை வழியாகவோ போகும் குழாயில் வெளிக்காற்று வரும், புகையும் வெளியே போகும். பல மாடல்களில் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் இருக்கும். உள்குழாயில் புகை, அதைச் சுற்றிய வெளிக்குழாயில் வரும் காற்று. பர்னர் பெட்டியின் உலோகச் சுவர் சூடாகும். வண்டிக் காற்று அந்தச் சுவரின் வெளிப்புறத்தை உரசிச் சூடேறும், அவ்வளவுதான். கார் ரேடியேட்டரில் எஞ்சின் தண்ணீரும் வெளிக்காற்றும் கலக்காமலே வெப்பம் மட்டும் கைமாறுகிறதே, அதே தத்துவம். எரிந்து உண்டாகும் நீராவியும் புகையோடு வெளியே போய்விடுவதால் கூரை வியர்ப்பதும் குறையும்.

இந்த வகை ஐரோப்பாவில் அரை நூற்றாண்டுப் பழக்கம். ஜெர்மனியின் ட்ரூமா நிறுவனம் 1949-இல் கேஸ் விளக்குகளில் தொடங்கி, 1961-இல் கேரவனுக்கென்றே ஒரு ஹீட்டரைக் கொண்டுவந்தது. ஐரோப்பாவில் வண்டிக்குள் வைக்கும் கேஸ் ஹீட்டர்களுக்கு இஎன் 624, மொத்தக் கேஸ் அமைப்புக்கு இஎன் 1949 என்று தனித்தனித் தரநிலைகள் இருக்கின்றன. முந்தையது மூடிய பெட்டி வகை ஹீட்டர்களுக்கு மட்டுமே எழுதப்பட்டது. திறந்து எரியும் ஹீட்டருக்கு அங்கே இடமே இல்லை.

மாட்டுகிறவரிடம் கேட்க வேண்டியவை

சிலிண்டர் பெட்டியில் தொடங்குவோம். அதன் கதவு வண்டிக்கு வெளியே திறக்க வேண்டும். உட்புறம் பார்த்த சுவர்களில் ஒரு ஊசித்துளைகூட இருக்கக் கூடாது. எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது, கசிந்தால் தண்ணீர் போலத் தரையில் தேங்கும். அதனால் பெட்டியின் அடியில் காற்றுத்துளை வேண்டும். இஎன் 1949 சொல்வது, பெட்டித் தரைப்பரப்பில் 2 சதவீதம், குறைந்தபட்சம் 100 சதுர சென்டிமீட்டர். சிலிண்டர் எப்போதும் நின்ற நிலையில் பட்டையால் கட்டியிருக்க வேண்டும். படுக்கவைத்தால் வாயுவுக்குப் பதில் திரவம் குழாயில் ஏறிவிடும்.

தேங்குவது ஏன் அவ்வளவு ஆபத்து என்பதற்கும் ஒரு கணக்கு. காற்றில் எல்பிஜி 2 சதவீத அளவை எட்டினாலே பற்றிக்கொள்ளும். வண்டி முழுக்க அப்படிக் கலக்க முக்கால் கிலோ கேஸ் வேண்டும். ஆனால் அது தரையோடு 15 சென்டிமீட்டர் உயரத்துக்குள் தேங்கினால் 60 கிராம் போதும். அதனால்தான் வண்டியின் தரையிலும் அடைக்காத துளைகள் வேண்டும் என்கிறார்கள். குளிர் வருகிறது என்று துணியைத் திணிப்பது, கசிந்த கேஸை உள்ளேயே பூட்டிவைப்பதுதான். அந்தத் துளைகள் ஹீட்டரின் புகைவாய்க்கும் ஜெனரேட்டருக்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது. வடகரையை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து குழாய். சிலிண்டரிலிருந்து சுவர் வரைக்கும்தான் ரப்பர் டியூப். அதற்குப் பிறகு ஸ்டீல் அல்லது செம்புக் குழாய், வழிநெடுகக் கிளிப் போட்டு இறுக்கியது. வீட்டில் அடுப்பு அசையாது. ஆனால் வண்டியில் நம்மூர் வேகத்தடைகள் ஒவ்வொன்றும் இணைப்புகளை உலுக்கும். ரப்பர் டியூபைப் பலகைக்குள் மறைத்து இழுத்தால் உரசித் தேய்வது கண்ணுக்கே தெரியாது. ஒவ்வொரு கருவிக்கும் கைக்கெட்டும் தூரத்தில் தனி வால்வு வேண்டும்.

ஹீட்டரில் தீ அணைந்தால் கேஸைத் தானே நிறுத்தும் அமைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். தெர்மோகப்புள் என்ற சின்ன உலோகக் குச்சி தீயின் சூட்டில் மிகச் சிறிய மின்சாரத்தை உண்டாக்கும். அதுதான் வால்வைத் திறந்து வைத்திருக்கும். தீ போனால் மின்சாரம் போகும், வால்வு மூடிக்கொள்ளும். புகைவாய் திறக்கிற ஜன்னலுக்குக் கீழே வரக் கூடாது. புகைக்குழாய் நடுவில் ஒட்டுப்போடாமல் ஒரே துண்டாக இருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு கசிவுச் சோதனை. வால்வுகளை மூடி, குழாயில் 150 மில்லிபார் காற்றை ஏற்றி, ஐந்து நிமிடம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் வீட்டு ரெகுலேட்டர் தரும் அழுத்தம் 30 மில்லிபார், அதாவது ஐந்து மடங்கில் சோதிக்கிறோம். பிறகு இணைப்புகளில் சோப்புத் தண்ணீர். தீக்குச்சியைக் கிழித்துக் காட்டி "பாத்தீங்களா, கசியல" என்று சொல்பவர் வந்தால் அவரை அனுப்பிவிடுங்கள். ஜெர்மனியில் கேரவன்களின் கேஸ் அமைப்பை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சோதிக்கிறார்கள். வண்டி ஓடும்போது சிலிண்டர் வால்வு மூடியிருக்க வேண்டும்.

கடைசியாக அலாரம். இரண்டு வேண்டும். எல்பிஜி அலாரம் தரையை ஒட்டி, கார்பன் மோனாக்சைடு அலாரம் படுக்கிறவர் மூச்சு விடும் உயரத்துக்கு அருகில். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. புகை அலாரம் இந்த இரண்டின் வேலையையும் செய்யாது. ஹீட்டரே இல்லாத வண்டியிலும் அடுப்போ ஜெனரேட்டரோ இருந்தால் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்க வேண்டும்.

சட்டமும் சிலிண்டரும்

வண்டியின் அமைப்பை மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி பதிவு அலுவலகத்தின் ஒப்புதல் தேவை. கேரவன்களுக்கென்று ஏஐஎஸ் 124 என்ற தரநிலையும் இந்தியாவில் உண்டு. 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டும்தான். அதை வேறு காரியத்துக்கு எடுப்பதை 2000-ஆம் ஆண்டு எல்பிஜி கட்டுப்பாட்டு ஆணை தடுக்கிறது. மச்சான் வண்டியில் அன்றைக்கு இருந்தது அந்தச் சிவப்பு சிலிண்டர்தான். அதுவும் மேடைக்கு அடியில், வண்டிக்கு உள்ளே.

ஸ்பிட்டிக்கும் லேவுக்கும் இன்னொரு சிக்கல். நம் எல்பிஜி புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். பியூட்டேனோ மைனஸ் அரை டிகிரியிலேயே படுத்துவிடும். பனிக்காலத்தில் அங்கே போனால் சிலிண்டரில் கேஸ் இருந்தும் தீ மெலிந்துவிடும்.

நமக்கு ஹீட்டர் தேவையா?

இத்தனையும் படித்த பிறகுதான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி தோன்றியது. வண்டி எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது?

வண்டியின் ஆறு பக்கங்களையும் சேர்த்தால் சுமார் 46 சதுர மீட்டர். வெளியே 8 டிகிரி, உள்ளே 20 வேண்டும் என்றால் வித்தியாசம் 12. வெறும் தகரமும் கண்ணாடியுமாக இருந்தால் கிட்டத்தட்ட 2,700 வாட் வெளியே ஓடும். தகரத்துக்கு உள்பக்கம் ஓர் அங்குல ஃபோம் ஒட்டி, ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டால் இது 650 வாட்டுக்கு இறங்கிவிடும். காற்றுத்துளைகள் வழியாகப் போவது தனியாக 150 வாட் என்று வைத்துக்கொள்வோம். தூங்கும் மனிதர் ஒருவர் 70 முதல் 80 வாட் வெப்பம் தருகிறார். நாலு பேருக்கு 300 வாட். மிச்சம் 500 வாட்தான். உள்ளே 20 டிகிரி வேண்டும் என்று அடம்பிடிக்காமல் 13, 14-இல் நல்ல ரஜாயைப் போர்த்திக்கொண்டால் அந்த மிச்சமும் இல்லை. ஆக, கொடைக்கானலுக்கு ஹீட்டரே வேண்டாம்.

ஸ்பிட்டியில் மைனஸ் 15 என்றால் அதே ஃபோம் ஒட்டிய வண்டிக்கு 2 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். அங்கே போர்வைக் கதை நடக்காது. மூடிய பெட்டி ஹீட்டர், முறையான ஆளைக்கொண்டு மாட்டியது, அல்லது ராத்திரி அறை எடுத்துத் தங்குவது. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டுக்குப் போய் இதையெல்லாம் சொன்னேன். கணக்கைப் பாதியில் நிறுத்தி, "அப்ப ஃபோம் ஒட்ட எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார். நல்ல அறிகுறி. சிவப்பு சிலிண்டர் வீட்டுக்குள் போய்விட்டது. இனிச் சமையல் வண்டிக்கு வெளியே, சின்ன சிலிண்டரில், வெளிப்பக்கம் திறக்கிற பெட்டியோடு என்று முடிவாயிற்று. ஸ்பிட்டியைப் பற்றி இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

நான் வாங்கிப்போன கார்பன் மோனாக்சைடு அலாரத்தை அக்கா மகள்தான் தன் படுக்கைக்குப் பக்கத்தில் மாட்டினாள். சோதனைப் பொத்தானை அழுத்தியதும் அது போட்ட சத்தத்தில் தெருநாய் குரைத்தது. "மாமா, இது கத்துனா நான் எந்திரிச்சிருவேனா?" என்று கேட்டாள். "எந்திரிச்சிருவ. முதல்ல கதவத் திற, அப்புறம் எல்லாரையும் எழுப்பு" என்றேன். அவள் இன்னொரு தடவை பொத்தானை அழுத்திவிட்டு, ஓடிப்போய்க் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டாள்.